பங்காளிகள் சேரும் விதம்: நிக்கலேட் மீக்கடத்திகளில் எலக்ட்ரான் ஜோடியைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

ஆடிக் கடல் அடங்கிய பிறகு மணவாளக்குறிச்சிக் கரையில் நடந்தால், வெளுத்த மணலுக்கு நடுவே கோடு கோடாகக் கருமணல் ஒதுங்கிக் கிடக்கும். அப்படி ஒரு மாலையில் என் அண்ணன் மகள் அதில் ஒரு பிடியை அள்ளிக்கொண்டே கேட்டாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறவள்.

"சித்தப்பா, நிக்கலேட்ல எலக்ட்ரான் எப்படி ஜோடி சேருதுன்னு செமினார் எடுக்கணும். பத்து பேப்பர் படிச்சாச்சு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க."

"உன் கையில இருக்க மண்ணுலயே பாதிச் சரக்கு இருக்கு மக்கா. அதக் கீழ போட்டுட்டுப் பேப்பரும் பென்சிலும் எடு" என்றேன்.

நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துத்தான் இந்தக் கரையில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதிலிருந்த தோரியம். கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு. ஆனால் மோனசைட்டில் பெரும்பங்கு அருமண் தனிமங்கள்தாம். அந்தப் பங்கில் ஏறக்குறையப் பாதி சீரியம். லாந்தனமும் நியோடிமியமும் தலைக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். கொஞ்சம் பிரசியோடிமியம், கொஞ்சம் சமேரியம். நிக்கலேட் என்பது நிக்கலும் ஆக்சிஜனும் அருமண் தனிமமும் சேர்ந்த சேர்மம். குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது மீக்கடத்தி. நிக்கலேட் மீக்கடத்திகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், நிக்கலுக்கு முன்னால் நிற்பவர்கள் இவர்களேதான். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் நம்மூர் மணலைத்தான் வாங்குகின்றன என்று நான் சொல்லவரவில்லை. தனிமங்கள் நமக்கு அந்நியம் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் தொடங்கி நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நினைவிருந்தால் போதும். ஆனால் படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவள் நேராக ஐந்தாம் படிக்குப் போய்த்தான் குழம்பியிருந்தாள்.

முதல் படி: பழைய ஜோடியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

1911இல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிரவைத்தபோது அதன் மின்தடை மறைந்தது. ஏன் என்று சொல்ல 46 வருடம் ஆயிற்று. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்ன விடை: எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன, சேர்ந்த ஜோடிகள் எல்லாம் ஒரே அலையாக நகர்கின்றன. இதைத்தான் பிசிஎஸ் கோட்பாடு என்கிறோம்.

இரண்டும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளவேண்டியவை எப்படிச் சேரும்? இதற்கு மெத்தையில் குண்டு உருட்டும் படத்தைப் பாடப்புத்தகங்கள் காட்டும். ஒரு குண்டு மெத்தையை அமுக்குகிறது, பள்ளத்தில் இன்னொரு குண்டு வந்து விழுகிறது. எனக்கு இந்தப் படம் பிடிக்காது. இதில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. நேரம்.

வேறு மாதிரி யோசியுங்கள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பங்காளி வீடு, நடுவே ஒரே கிணறு. முகத்தில் முழிக்க மாட்டார்கள், ஆனால் இருவருக்கும் தண்ணீர் வேண்டும். என்ன செய்வார்கள்? அண்ணன் வீட்டார் விடியலில் இறைப்பார்கள், தம்பி வீட்டார் வெயில் சாய்ந்த பிறகு. கிணறு பொது, நேரம் வேறு. பாதரசத்தில் நடப்பது இதுதான். ஓர் எலக்ட்ரான் போகிற வழியில் நேர்மின் அயனிகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துவிடும். அயனிகள் கனமானவை, மெதுவாகத்தான் திரும்பும். அவை நெருங்கி முடிப்பதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், அந்த எலக்ட்ரான் 100 நானோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பிறகு வரும் எலக்ட்ரான் அந்த நேர்மின் குவியலை அனுபவிக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை.

இதற்குச் சாட்சி அயனியின் எடை. 1950இல் பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளைச் சோதித்தார்கள். எடை கூடியதில் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, இறங்கியது. அயனிக்கு இந்த விஷயத்தில் பங்கில்லை என்றால் அதன் எடை ஏன் கணக்கில் வரவேண்டும்?

இரண்டாம் படி: நேரத்தால் தப்பலாம், இடத்தாலும் தப்பலாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகள் ஒருவரையொருவர் தவிர்க்க இன்னொரு வழியும் உண்டு. ஒரே வீட்டுக்குள் இருக்கமாட்டோம், அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொள்கிறோம் என்று வைத்துக்கொள்வது. இங்கே நேரத்தைப் பிரிக்கவில்லை, இடத்தைப் பிரிக்கிறார்கள். ஜோடியின் அலைச்சார்பு 'இருவரும் ஒரே அணுவில்' என்ற நிலையில் சுழியமாகவும், 'அடுத்தடுத்த அணுக்களில்' என்ற நிலையில் பெரிதாகவும் இருந்தால், தள்ளுவிசை கையில் சிக்காமல் ஜோடி பிழைத்துவிடும். ஆனால் ஓர் அலை ஓரிடத்தில் சரியாகச் சுழியம் ஆகவேண்டும் என்றால், வெவ்வேறு பகுதிகளில் கூட்டலும் கழித்தலுமாக இருந்து ஒன்றையொன்று அடிக்கவேண்டும். குறி மாறவேண்டும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஜோடியின் வலிமையை டெல்டா என்பார்கள். எலக்ட்ரான்கள் எந்தத் திசையில், எந்த உந்தத்தோடு போகின்றன என்ற வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா உண்டு. பிசிஎஸ் சமன்பாட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: ஒரு புள்ளியின் டெல்டா, கழித்தல் குறி போட்ட விசையையும் இன்னொரு புள்ளியின் டெல்டாவையும் பெருக்கியது. விசை ஈர்ப்பு என்றால் அதற்கே ஒரு கழித்தல் உண்டு. இரண்டு கழித்தலும் சேர்ந்து கூட்டல் ஆகிவிடும், எல்லாப் புள்ளியிலும் டெல்டா ஒரே குறியோடு சுகமாக இருக்கும். இதுதான் பாதரசம். விசை தள்ளுவிசை என்றால்? முன்னால் நிற்கும் கழித்தல் அப்படியே நிற்கும். அப்போது முதல் புள்ளியில் டெல்டா கூட்டல் என்றால் இரண்டாம் புள்ளியில் அது கழித்தலாக இருந்தே ஆகவேண்டும். தள்ளுவிசையை வைத்தே ஜோடி கட்டிவிட்டோம், அதற்குக் கொடுத்த விலை குறி மாற்றம்.

ஆகவே எந்த 'வழக்கத்துக்கு மாறான' மீக்கடத்தியைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை கெல்வின் என்பது இல்லை. குறி எங்கே மாறுகிறது என்பதுதான். ஹைட்ரஜன் சல்பைடு பூமியின் வெளிக்கருவில் உள்ளது போன்ற அழுத்தத்தில் 203 கெல்வினில் மீக்கடத்தி ஆகும் என்று 2015இல் காட்டினார்கள். அத்தனை உயரம் போனாலும் அது பழைய அயனி வழிதான், வழக்கமானதுதான். வெறும் 15 கெல்வினில் நிற்கும் நிக்கலேட் வழக்கத்துக்கு மாறானது. வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தள்ளுவிசை எங்கிருந்து வருகிறது? குப்ரேட்டில், அதாவது 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த தாமிர ஆக்சைடுகளில், அடுத்தடுத்த தாமிர அணுக்களின் ஸ்பின் ஒன்று மேல் ஒன்று கீழ் என்று மாறிமாறி நிற்க விரும்பும். எலக்ட்ரான்களை இடையில் கூட்டிக் குறைத்து அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டாலும் அந்த விருப்பம் போகாது. அடுத்த வீட்டுக்காரன் எனக்கு எதிர் ஸ்பின்னோடு இருக்கவேண்டும் என்ற அந்த ஏக்கமே ஜோடிக்குப் பசை. குப்ரேட்டில் கிழக்கு-மேற்குப் பிணைப்பில் கூட்டல், வடக்கு-தெற்குப் பிணைப்பில் கழித்தல் என்று குறி மாறும். இதற்குப் பெயர் டி-அலை. மூலைவிட்டத் திசையில் கூட்டலும் கழித்தலும் சந்திக்கும் இடத்தில் டெல்டா சுழியம். அந்தப் புள்ளிகளைக் கணு என்பார்கள். கணு பின்னால் பரிசோதனைக்கு உதவும்.

மூன்றாம் படி: எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

பென்சில் இப்போதுதான் வேண்டும்.

நியோடிமியம் ஒன்று, நிக்கல் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு உள்ள சேர்மத்தை எடுங்கள். நியோடிமியம் கூட்டல் 3. இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து கழித்தல் 4. மொத்தம் சுழியம் ஆக நிக்கல் கூட்டல் 1. நிக்கலின் அணு எண் 28, வெளியே 10 எலக்ட்ரான். ஒன்று போனால் 9. குப்ரேட்டில் தாமிரத்தின் அணு எண் 29, வெளியே 11; கூட்டல் 2 ஆனால் அங்கேயும் 9. இரண்டும் ஒரே எண்! 1999இல் அனிசிமோவ், புக்வலோவ், ரைஸ் ஆகியோர் நிக்கலை வைத்தும் குப்ரேட் மாதிரி ஒன்றைச் செய்யமுடியும் என்று சொன்னதற்கு இந்த 9தான் அடிப்படை.

நியோடிமியத்தில் ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் போட்டால்? ஸ்ட்ரான்சியம் கூட்டல் 2தான். சராசரி 2.8. நிக்கல் 1.2 ஆகும், எலக்ட்ரான் 8.8. குப்ரேட்டிலும் மீக்கடத்துத்திறன் உச்சத்துக்கு வருவது 9இலிருந்து கொஞ்சம் குறைத்தால்தான்.

அடுத்தது லாந்தனம் மூன்று, நிக்கல் இரண்டு, ஆக்சிஜன் ஏழு. ஆய்வுக்கூடங்களில் செல்லமாக 'மூன்று-இரண்டு-ஏழு'. லாந்தனம் மொத்தம் கூட்டல் 9, ஆக்சிஜன் கழித்தல் 14. மீதி 5ஐ இரண்டு நிக்கல் பங்குபோடவேண்டும்: தலைக்கு 2.5. எலக்ட்ரான் 7.5. இங்கே நின்று கவனியுங்கள். இது 9க்குப் பக்கத்தில்கூட இல்லை. குப்ரேட்டின் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்த குடும்பத்தில் இது வேறு ஆள். இரண்டையும் 'நிக்கலேட்' என்ற ஒரே பெயரில் படித்ததுதான் அண்ணன் மகளின் குழப்பத்துக்குக் காரணம். அவள் படித்த பத்துப் பேப்பரில் ஆறு ஒன்றைப் பற்றியது, நாலு மற்றதைப் பற்றியது.

நான்காம் படி: 2019இன் மெல்லிய படலம்

இருபது வருடம் யாருக்கும் கைகூடாததை 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹரால்ட் ஹ்வாங் குழுவில் டான்ஃபெங் லி செய்துகாட்டினார். முதலில் ஆக்சிஜன் மூன்று உள்ள சேர்மத்தை, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பலகையின் மேல், லேசரால் ஆவியாக்கிச் சுமார் 10 நானோமீட்டர் படலமாகப் படியவைத்தார்கள். பிறகு அதைக் கால்சியம் ஹைட்ரைடு பொடியோடு குழாயில் அடைத்து, 280 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்தார்கள். அது அடுக்குகளுக்கு நடுவே உள்ள ஆக்சிஜனை மட்டும் உறிஞ்சிவிடும். சாரம் சரியாமல் நடுச்சட்டத்தை மட்டும் உருவி எடுக்கிற வேலை. மிஞ்சியது நிக்கல்-ஆக்சிஜன் தட்டுகளும் இடையில் அருமண்ணும். 15 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் தடை விழத் தொடங்கியது. இதே கலவையைப் படலமாக இல்லாமல் பொடியாகச் செய்தவர்களுக்கு மீக்கடத்தி கிடைக்கவில்லை. பலகையின் பிடிமானமும் ஆக்சிஜன் போகும் ஒழுங்கும் அவ்வளவு முக்கியம். சமேரியத்தை வைத்து இதே குடும்பத்தை 40 கெல்வின் வரை ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கே ஜோடி எப்படி? அயனி வழிக்கு ஆரம்பக் கணக்குகளில் கிடைத்தது 1 கெல்வினுக்கும் கீழே. அதனால் பார்வை ஸ்பின் பக்கம் திரும்பியது. குப்ரேட்டில் உள்ளது போன்ற நீண்ட தூரக் காந்த ஒழுங்கு இங்கே தென்படவில்லை. ஆனால் 2021இல் எக்ஸ்-கதிர்ச் சிதறலில் காந்த அலைகளைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த வீட்டோடு எதிராக நிற்கும் விருப்பம் இருக்கிறது, குப்ரேட்டை விடப் பலம் குறைவு. அப்படியென்றால் டி-அலைதான் இயல்பான விடை. நானும் இந்தக் குடும்பத்துக்கு அதன் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

ஆனால் ஒரு வில்லங்கம். குப்ரேட்டில் பிழைப்பு முழுவதும் ஒரே பட்டையில், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஒரே ஆற்றல் வரிசையில், நடக்கும். இங்கே அருமண்ணின் 5டி எலக்ட்ரான்களும் உள்ளே வந்து உந்த வரைபடத்தில் குட்டிக் குட்டிப் பைகளாக உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டுச் சண்டையில் வாடகைக்காரரும் பேசுகிற மாதிரி. 2020இல் நுண்ணூசி நுண்ணோக்கியால் படலத்தைத் தொட்டுப் பார்த்தபோது ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றலைக் காட்டும் இடைவெளி தெரிந்தது; சில இடங்களில் 'வி' வடிவ இடைவெளியும் சில இடங்களில் 'யு' வடிவ இடைவெளியும் கிடைத்தன. 'வி' என்றால் கணு உண்டு, டி-அலை போல. 'யு' என்றால் கணு இல்லை. ஒரே படலத்தில் இரண்டும்! பல பட்டைகளின் பேச்சா, மேற்பரப்பின் அழுக்கா என்று இதை வைத்தே நிறைய எழுதப்பட்டுவிட்டது.

ஐந்தாம் படி: மாடி வீடு

2023 ஜூலையில் எல்கே-99 என்ற அறைவெப்பநிலை மீக்கடத்திக் கதை வாட்ஸ்அப் முழுக்க ஓடியது நினைவிருக்கிறதா? அது புஸ்வாணம் ஆனது. அதே மாதம்தான் குவாங்சோவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் மெங் வாங் குழு மூன்று-இரண்டு-ஏழை அழுத்தி 80 கெல்வினை ஒட்டி மீக்கடத்தி ஆக்கியதாக வெளியிட்டது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். உண்மையான செய்தி இது, இதை ஒருவரும் எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை.

அழுத்தம் சுமார் 14 கிகாபாஸ்கலில் தொடங்குகிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்தக் கணக்கில் 14 கிகாபாஸ்கலுக்கு 1,400 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். உலகின் ஆழமான அகழியே 11 கிலோமீட்டர்தான். முக்குளிக்கிற ஆட்கள் உள்ள ஊரில் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வைர முனைகளுக்கு நடுவே தலைமுடிப் பருமனுள்ள துணுக்கை வைத்து இதைச் சாதிக்கிறார்கள்.

இப்போது வீட்டின் அமைப்பு. இரண்டு நிக்கல்-ஆக்சிஜன் தட்டு, ஒன்றின் மேல் ஒன்று. மேல்தட்டின் நிக்கலுக்கும் கீழ்த்தட்டின் நிக்கலுக்கும் நடுவே ஒரே ஓர் ஆக்சிஜன். இந்த இரட்டைத் தட்டுதான் வீடு: கீழ்த்தளம், மாடி.

நிக்கலிடம் இருக்கும் 7.5 எலக்ட்ரானில் 6 அடி ஆர்பிட்டல்களில் அடங்கிவிடும், அவற்றை மறந்துவிடலாம். மீதி 1.5க்கு இரண்டு ஆர்பிட்டல்கள். ஒன்று தட்டில் நாலு இதழாகப் படர்ந்தது. நான் அதைக் 'கோலம்' என்பேன். புத்தகத்தில் டி எக்ஸ்-ஸ்கொயர்-மைனஸ்-ஒய்-ஸ்கொயர். இன்னொன்று மேலும் கீழுமாக நீண்டது, 'தூண்'. புத்தகத்தில் டி ஸெட்-ஸ்கொயர். தோராயமாகத் தூணில் ஒன்று, கோலத்தில் அரை. குப்ரேட்டில் கோலம் மட்டும்தான் வேலை செய்யும். இங்கே தூணும் களத்தில் இருக்கிறது.

கீழ்த்தளத் தூணும் மாடித் தூணும் நடு ஆக்சிஜன் வழியாக நேருக்கு நேர் முட்டுகின்றன. அங்கே ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் விருப்பம் மிகப் பலமானது. அதாவது அண்ணன் கீழே, தம்பி மாடியில். ஒரே அறையில் இல்லை, ஆனால் ஒரே வீடு. இரண்டாம் படியின் 'இடத்தால் தப்புவது' இங்கே பக்கவாட்டில் அடுத்த வீட்டோடு நடக்கவில்லை, மேலும் கீழுமாக நடக்கிறது.

சரி, ஜோடி சேர்ந்தாயிற்று. மின்னோட்டம் வருமா? தூணில் உள்ள எலக்ட்ரான்கள் நகர மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தூணோடு அவர்களுக்கு ஒட்டு உறவு குறைவு. கோலத்தில் உள்ளவர்களுக்கு ஓட்டம் உண்டு, ஆனால் மாடியோடு நேரடிப் பிடிப்பு இல்லை. ஒருவரிடம் பசை இருக்கிறது, மற்றவரிடம் கால் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது எது என்பதுதான் கோட்பாட்டாளர்களின் உண்மையான சண்டை. ஒரு தரப்பு, பக்கத்து நிக்கலின் கோலத்தோடு தூண் கலந்துவிடுகிறது, கலப்பின் வழியே ஜோடிக்கு நடை வருகிறது என்கிறது. இன்னொரு தரப்பு ஹுண்ட் விதியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே அணுவில் தூண் எலக்ட்ரானும் கோல எலக்ட்ரானும் ஸ்பின்னை ஒரே பக்கம் வைக்கவேண்டும் என்பது அந்த விதி. மாடித் தூண் கீழ்த்தூணுக்கு எதிர் என்றால், மாடிக் கோலமும் கீழ்க் கோலத்துக்கு எதிராகிவிடும். தூணின் பசை ஹுண்ட் வழியாகக் கோலத்துக்குக் கைமாறுகிறது. எனக்கு இந்த இரண்டாவது வாதம் அழகாகப் படுகிறது. ஆனால் அழகு சாட்சியில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கவும் வாய்ப்புண்டு.

குறி எங்கே மாறுகிறது? இரண்டு தட்டின் அலைகளும் ஒத்துச் சேர்ந்தால் ஒரு பட்டை, எதிர்த்துச் சேர்ந்தால் இன்னொரு பட்டை. ஒத்த பட்டையில் டெல்டா கூட்டல், எதிர்ப் பட்டையில் கழித்தல். இதை எஸ்-கூட்டல்-கழித்தல் என்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஜோடி கட்டினாலே இந்தக் குறி மாற்றம் தானாக வந்துவிடும். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் குறி ஒன்றேதான், கணு தேவையில்லை. குப்ரேட்டின் டி-அலையிலிருந்து இது பிரியும் இடம் இதுதான். மாடியோடு உள்ள பிடிப்பு தளர்ந்தால், பக்கத்து வீட்டோடு சேரும் டி-அலை தலைதூக்கும் என்று காட்டும் கணக்குகளும் இருக்கின்றன.

அழுத்தம் எதற்கு? சாதாரண நிலையில் மேல் நிக்கல், ஆக்சிஜன், கீழ் நிக்கல் மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. கோணம் 168 டிகிரி, தூண் வளைந்து நிற்கிறது. அழுத்தினால் 180, நேராகிவிடும். அதோடு தூணின் ஒத்த பட்டை மேலேறி, எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்தைத் தொட்டு ஒரு சிறு பையை உண்டாக்கும், அதுதான் சூட்சுமம் என்று முதலில் எழுதினார்கள்.

பிறகு 2024 கடைசியில் கதை திரும்பியது. ஸ்ட்ரான்சியம் லாந்தனம் அலுமினேட் பலகை மேல் மூன்று-இரண்டு-ஏழைப் படலமாக வளர்த்து, ஓசோனில் பக்குவப்படுத்தினால், வைர முனையே இல்லாமல் 40 கெல்வினுக்கு அருகில் மீக்கடத்துத்திறன் தொடங்கியது. ஹ்வாங் குழுவும், பிரசியோடிமியம் கலந்து ஷென்சென் குழுவும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். பலகையின் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் படலம் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 சதவீதம் இறுகுகிறது. ஆனால் பக்கத்தில் இறுகினால் உயரம் கூடும். மாவை அமுக்கினால் மேலே பிதுங்குவது மாதிரி. வைர முனையில் உயரமும் குறைந்தது, இங்கே உயரம் கூடுகிறது. இரண்டிலும் மீக்கடத்தி. ஆக, தூண் குட்டையாவதுதான் காரணம் என்று மட்டும் சொல்லமுடியாது. அந்தச் சிறு பை மட்டத்தைத் தொடுகிறதா என்பதிலும் படலங்களைப் படம்பிடித்த குழுக்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் தொடுகிறது என்கிறார், இன்னொருவர் கீழேயே நிற்கிறது என்கிறார். செமினாரில் இந்த இடத்தைத் தயங்காமல் சொல்லச் சொன்னேன். விடை வராத இடத்தை மறைத்தால்தான் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஆறாம் படி: குறியை எப்படிச் சோதிப்பது

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் கனிமங்களைப் பிரிக்கும் முறை தெரிந்தவர்களுக்கு இந்தப் படி எளிது. இல்மனைட் காந்தத்தில் ஒட்டும், மின்சாரமும் கடத்தும். ரூட்டைல் கடத்தும், ஒட்டாது. மோனசைட் லேசாக ஒட்டும், கடத்தாது. சிர்க்கான் இரண்டும் இல்லை. ஒரு சோதனையை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. ஜோடியின் வகையும் அப்படித்தான்.

முதல் சல்லடை, கணு உண்டா. கணு இருந்தால் மிகக் குறைந்த வெப்பத்திலும் சில ஜோடிகள் உடையும். காந்தப்புலம் எவ்வளவு ஆழம் நுழைகிறது என்பது வெப்பநிலையோடு நேர்கோட்டில் அல்லது அதன் இருபடியில் மாறும். கணு இல்லையென்றால் அந்த ஆழம் அசையாமல் நிற்கும். நியோடிமியம் உள்ள படலத்தில் இதை அளக்கும்போது கவனம் வேண்டும். நியோடிமியத்துக்கே சொந்தக் காந்தத்தன்மை உண்டு, அது அளவீட்டில் மூக்கை நுழைக்கும். லாந்தனப் படலத்தை நம்புவது நல்லது.

கணு இல்லை என்று வந்தாலும் எஸ்-கூட்டல்-கழித்தலா, எங்கும் ஒரே குறியுள்ள சாதாரண எஸ்-ஆ என்று அது சொல்லாது. அதற்கு இரண்டாம் சல்லடை, அலையின் குறியையே நேரடியாகத் தொடும் சோதனை. 1994இல் ட்ஸுயேயும் கிர்ட்லியும் மூன்று குப்ரேட் படிகங்களைத் திசை மாற்றி ஒட்டி ஒரு வளையம் செய்தார்கள். டி-அலை என்றால் வளையத்தைச் சுற்றிவரும்போது ஒரு குறி மிச்சப்படும், வளையம் பாதிக் காந்தப்பாயத் துளியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது. வைர முனைக்குள் இந்த வித்தையைச் செய்வது நினைத்துப் பார்க்கவே கஷ்டம். அழுத்தமில்லாத படலம் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம் 40 கெல்வின் இல்லை. இனி இந்தச் சோதனைகளுக்குக் கை நுழைய இடம் கிடைத்துவிட்டது என்பதுதான்.

ஏழாம் படி: புதிய செய்தி வந்தால்

சுருக்கமாகவே சொல்கிறேன். தடை உண்மையிலேயே சுழியமா, வெறுமனே சரிந்ததா என்று பாருங்கள். 'தொடங்கும் வெப்பநிலை' ஒன்று, 'சுழியமாகும் வெப்பநிலை' வேறு. தலைப்பில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். அப்புறம், காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறதா? எத்தனை பங்கு? மூன்று-இரண்டு-ஏழின் ஆரம்பத் துணுக்குகளில் மிகச் சிறு பகுதிதான் மீக்கடத்தி என்ற சந்தேகம் பலமாக இருந்தது. லாந்தனத்தில் மூன்றில் ஒன்றை எடுத்துப் பிரசியோடிமியம் போட்டபோது அடுக்கு ஒழுங்காகி, பெரும்பகுதி மீக்கடத்தியானது. மூன்றாவது, படிகம் உண்மையில் எது? மூன்று-இரண்டு-ஏழு என்று பெயர் போட்ட சில படிகங்களில் இரட்டைத் தட்டே இல்லை, ஒற்றைத் தட்டும் மூன்று தட்டும் மாறிமாறி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் கலவை அதேதான் வரும், வீடு வேறு.

இவ்வளவும் முடித்துவிட்டு அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். லாந்தனம் நான்கு, நிக்கல் மூன்று, ஆக்சிஜன் பத்து. எண்ணச் சொன்னேன். கூட்டல் 12, கழித்தல் 20, மீதி 8ஐ மூவருக்குப் பங்குபோட்டால் 2.67, எலக்ட்ரான் 7.33. சரியாகப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இது மூணு மாடில்லா? கீழ உள்ளவனும் மேல உள்ளவனும் எதிரெதிரா நின்னா நடுவுல உள்ளவன் யார் பக்கம் நிப்பான்?"

அழுத்தமில்லாத நிலையில் அந்தப் படிகத்தின் காந்த ஒழுங்கை அளந்தவர்கள், மேல்தட்டும் கீழ்த்தட்டும் எதிரெதிராக நிற்கின்றன, நடுத்தட்டில் காந்தம் சுழியம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அழுத்தினால் அதுவும் மீக்கடத்தி ஆகிறது, ஆனால் 30 கெல்வின் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

"அந்தக் கேள்வியையே கடைசி ஸ்லைடாப் போடு மக்கா" என்றேன்.